ஆடியில் எடுத்த கணக்கு

ஜூலை 15, வியாழன்

இன்று சாயங்காலம் என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, அதற்குள் தலை ஆடி வந்து நிற்கிறது. ஆடியில் புதுப்பெண் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது. நாளை வெள்ளிக்கிழமை, அத்தை மருமகளை வாசல் தாண்ட விடமாட்டார். சனிக்கிழமை ஆடி பிறந்துவிடும். ஆகவே இன்றே. அம்மா தாம்பாளமும் கையுமாகச் சிங்காநல்லூருக்கு வந்து, என்னையும் என் பெட்டியையும் அள்ளிக்கொண்டு வடவள்ளிக்கு வந்து சேர்ந்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நானும் அவரும் ஒரே கம்பெனி. பம்பு செய்கிற கம்பெனி. அவர், அதாவது சம்பத், மாடியில் டிசைன் பிரிவில் கம்ப்யூட்டரில் பம்பு வரைகிறார். நான் கீழே, அவர்கள் வரைந்ததையெல்லாம் சேர்த்து வைக்கிற டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கிறேன். பகல் முழுக்க ஒரே கூரைக்குக் கீழேதான் இருப்போம். இதை அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். ஆபீஸில் பார்த்துக்கொள்ளலாம், பேசிக்கொள்ளலாம், ஆனால் ஒரே பஸ்ஸில் ஏறக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னாள். பஸ்ஸைப் பற்றி எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ, அம்மாவுக்குத்தான் வெளிச்சம்.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. அம்மா கை அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று! இங்கே என் பழைய கட்டில் இருக்கிறது, என் பழைய தலையணை இருக்கிறது. நிம்மதியாகத் தூங்கலாம்.

ஜூலை 16, வெள்ளி

தூக்கம் வரவில்லை. கொசு.

காலையில் போனதும் எங்கள் மேலாளர் துரைசாமி சார் கூப்பிட்டார். நல்ல மனிதர். நல்ல நேரம் பார்க்காமல் மின்விசிறி சுவிட்சைக்கூடத் தொடமாட்டார். இன்று முகத்தில் ஈயாடவில்லை. எம்.டி. கடைசியாகச் சொல்லிவிட்டாராம். ஆகஸ்ட் இருபதாம் தேதி அவரே வந்து உட்கார்ந்து பார்ப்பாராம். அதற்குள் டேட்டாபேஸ் வேகம் பிடிக்கவில்லை என்றால் அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுப் பழையதற்கே திரும்பிவிட வேண்டியதுதானாம்.

இந்த டேட்டாபேஸை வாங்க வைத்ததே நான்தான். பழையதில் ஒரு பம்பை வைக்க வேண்டுமென்றால் அதைக் கூறு போட்டுக் கட்டம் கட்டமாக அட்டவணையில் அடைக்க வேண்டும். இது பொருள்நோக்கு டேட்டாபேஸ். இதில் பம்பு பம்பாகவே இருக்கும். தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற இம்பெல்லர் ஒரு பொருள், அதைச் சுழற்றுகிற தண்டு ஒரு பொருள், மேலே மூடும் உறை ஒரு பொருள். எல்லாம் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. நடையில்தான் ஆமை. ஒரு பம்பைத் திறக்கச் சொல்லிவிட்டு, டிசைன் பிரிவில் கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வருகிறார்கள்.

"வேகம் வரலைன்னா உன்னைச் சென்னை பிராஞ்சுக்கு அனுப்பச் சொல்லிட்டாரும்மா" என்றார் துரைசாமி சார். "ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டர்ல தேதியெல்லாம் கோளாறாயிரும்னு அங்க ராப்பகலா திருத்திட்டு இருக்காங்க. ஆள் பத்தலையாம். பொங்கல் வரைக்கும் அங்கதான்."

சரிங் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். சென்னையில் கடற்கரை இருக்கிறது. எனக்கென்ன.

ஜூலை 17, சனி. ஆடி 1

மதியம் மாப்பிள்ளைக்கு விருந்து. வந்தார், சாப்பிட்டார், நான்கு மணிக்கெல்லாம் அம்மா அவர் கையில் பலகாரத் தூக்கைக் கொடுத்துச் சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டாள். தெருமுனை திரும்புவதற்குள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார் என்று அப்பா கேலி செய்தார். நான் சமையலறையில் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை. மூன்று இல்லை, நான்கு.

ஜூலை 19, திங்கள்

வேலையை ஆரம்பித்தாயிற்று. என் பக்கத்து நாற்காலி சகாயமேரியும் நானும்தான் இதற்குப் பொறுப்பு.

டிஸ்கிலிருந்து ஒவ்வொரு பொருளாக வராது. பக்கம் பக்கமாகத்தான் வரும். குடோனில் ஒரு ஆணி கேட்டால் ஆள் ஆணி இருக்கிற தட்டையே தூக்கிக்கொண்டு வருவது மாதிரி. இம்பெல்லர் ஒரு தட்டில், தண்டு இன்னொன்றில், உறை எங்கோ மூலையில் என்று கிடந்தால், ஒரு பம்பைத் திறக்க டிஸ்க் ஓயாமல் ஓடி ஓடி வர வேண்டியிருக்கும். சேர்ந்து கேட்கப்படுகிறவை சேர்ந்தே குடியிருந்தால் ஒரே ஓட்டம். இதற்குக் கிளஸ்டரிங் என்று பெயர். நானும் மேரியும் கொத்து என்கிறோம்.

எப்படிக் கொத்துக் கட்டுவது என்பதில்தான் சாமர்த்தியம். ஒரு பம்பின் உறுப்புகளையெல்லாம் ஒரே கொத்தாகக் கட்டலாம். அல்லது இம்பெல்லர்களையெல்லாம் ஒரு கொத்து, தண்டுகளையெல்லாம் ஒரு கொத்து என்று இனம் இனமாகக் கட்டலாம். எது நல்லது என்று ஆளுக்கொரு ஊகம் சொல்வார்கள். ஊகம் எனக்குப் பிடிக்காத சமாச்சாரம். டிசைன் பிரிவில் யார் எதைத் திறக்கிறார்கள், அதற்கு அடுத்து எதைத் திறக்கிறார்கள் என்று ஒரு நிரல், அதாவது புரோகிராம், எழுதி ஓடவிட்டுச் சில நாள் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கு எப்படிச் சொல்கிறதோ அப்படிக் கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

துரைசாமி சார் தயங்கித் தயங்கி, ஆவணி பிறந்ததும் ஆரம்பித்தால் என்ன என்று கேட்டார். ஆடியில் புதுசாக எதையும் தொடங்குவதில்லையாம். ஆவணி பிறந்து மூன்றே நாளில் எம்.டி. வந்து உட்கார்ந்துவிடுவார் என்று ஞாபகப்படுத்தினேன். தவிரவும், கம்ப்யூட்டருக்கு ஆடி ஏது, ஆவணி ஏது என்று கேட்டேன். பாவம், காலண்டரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார். மேரி மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தாள்.

ஜூலை 21, புதன்

இன்டர்காம் அடித்தது. "மேடம், டிசைன்ல இருந்து சம்பத் பேசறனுங்க. ஸ்கிரீன் ரொம்ப மெதுவா இருக்குதுங்க."

ஆபீஸில் நான் மேடம், அவர் சார். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாருக்கும் எப்படி மெதுவாக இருக்கிறதோ அப்படித்தான் அவருக்கும் இருந்தது. இருந்தாலும் பயனாளரின் குறையைப் பொறுமையாகக் கேட்பது என் கடமை. அரை மணி நேரம் கேட்டேன்.

கீழே வந்ததும் மேரி, டிசைன் பிரிவில் அத்தனை பேர் இருக்க ஒரே ஒருவருக்கு மட்டும் ஏன் தினமும் மெதுவாக இருக்கிறது என்று கேட்டாள். அவருடைய கம்ப்யூட்டர் பழசு என்றேன். போன மாதம்தான் அதை மாற்றினோம் என்றாள்.

ஜூலை 25, ஞாயிறு

அப்பாவின் மோட்டார் கடைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். கடை முழுக்க அவிழ்த்துப் போட்ட மோட்டார்கள், எண்ணெய்ப் பிசுக்கு. அப்பா ஒரே புலம்பல். ஆடியில் ஒரு ஆளும் புது மோட்டார் இறக்கமாட்டேன் என்கிறானாம். வருகிறதெல்லாம் ரிப்பேராம். தேய்ந்தது, உடைந்தது, காயில் கம்பி கருகியது. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டுமே, அதனால் பழசையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உதிரி பாகம் வேண்டுமென்று எங்கள் கம்பெனிக்கே தினமும் ஆள் அனுப்புகிறாராம்.

இந்தக் காலத்திலும் இப்படியா என்று அப்பாவைக் கொஞ்சம் கேலி செய்தேன். வரும் வழியில் ஜாக்கெட் துணி எடுத்தேன். அவருக்குப் பிடித்த நீலம். சும்மா, கடையில் வேறு நல்ல நிறம் இல்லை.

ஜூலை 30, வெள்ளி

கணக்கை முடித்தோம். அடேயப்பா, இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. டிசைன் பிரிவில் ஒருவர் ஒரு பம்பைத் திறந்தால், அந்தப் பம்பின் உறுப்புகளையே வரிசையாகத் திறக்கிறார். உறை, இம்பெல்லர், தண்டு, சீல், பேரிங். வேறு பம்பு பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பத்துக்கு ஒன்பது தடவை இப்படித்தான். ஆகவே ஒரு பம்புக்கு ஒரு கொத்து. ஊகம் செய்தவர்கள் மூக்கு உடைந்தது.

கணக்கெடுக்கிற நிரலை நிறுத்திவிட்டேன். அதன் வேலை முடிந்தது. அது ஓடினால் இருக்கிற வேகமும் குறையும்.

ஆகஸ்ட் 2, திங்கள்

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத ஆபீஸில் உட்கார்ந்து டிஸ்க் முழுவதையும் புதுக் கொத்துகளாக மாற்றி அடுக்கினோம். இன்று காலை டிசைன் பிரிவில் ஒருவர் ஒரு பம்பைத் திறக்கச் சொல்லிவிட்டு வழக்கம்போல டீக்கு எழுந்தார். எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். பம்பு வந்துவிட்டது.

துரைசாமி சார் என் மேசைக்கு வந்து கண் கலங்காத குறையாக நின்றார். கேன்டீன்காரருக்குத்தான் நஷ்டம்.

சென்னை இல்லை. அதனால் எனக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் சென்னை இல்லை.

ஆகஸ்ட் 3, செவ்வாய். ஆடி 18

அம்மா கலந்த சாதம் ஆறு வகை செய்திருந்தாள். மாப்பிள்ளை வந்தார். நீல ஜாக்கெட்டைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். நான் சாதத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, எலுமிச்சையா தேங்காயா என்று கேட்டேன். அப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அத்தை அம்மாவிடம் போனில் சொன்னாராம். இளைத்த மாதிரிதான் தெரிந்தது. வெயிலாக இருக்கும்.

ஆகஸ்ட் 6, வெள்ளி

டேட்டாபேஸ் பறக்கிறது. ஆனாலும் சம்பத் சாருக்கு மட்டும் இன்னும் மெதுவாக இருக்கிறது. திங்களன்று ஒரு தடவை, புதனன்று இரண்டு தடவை, இன்று ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீன் மின்னல் மாதிரி வருகிறது. "நீங்க பக்கத்துல வந்தா சரியாயிருதுங்க மேடம்" என்கிறார். பக்கத்து மேசைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மேரி இதற்கு ஒரு மருத்துவப் பெயர் வைத்திருக்கிறாள். அதை இங்கே எழுத முடியாது.

ஆகஸ்ட் 11, புதன்

இன்று அவர் புதுத் தந்திரம் செய்தார். இன்டர்காமை எடுத்ததும் மேடம் கிடையாது, ஒன்றும் கிடையாது. "வாணி, நெசமாவே மெதுவா இருக்குது. மேல வந்து பாரு" என்றார். அரசாங்க டெண்டர் ஒன்றுக்குப் புது மாடல் பம்பு வரைய ஆரம்பித்திருக்கிறாராம். டெண்டர் தேதி ஆடியைப் பார்த்தா வருகிறது, அதனால் இவர் ஒருவர் மட்டும் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாராம். பழையபடி டீக்குப் போகிற அளவு நேரமாகிறதாம். குரலில் கவலையைக்கூடக் குழைத்துக் கொடுத்தார். என்ன நடிப்பு!

எனக்கு நிறைய வேலை இருக்கிறதுங் சார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். திரும்பவும் இரண்டு தடவை அடித்தார். எடுக்கவில்லை. கொஞ்சம் ஏங்கட்டும். நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன் என்று மேரி சொன்னாள்.

ஆகஸ்ட் 12, வியாழன்

இன்று அவர் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 13, வெள்ளி

இன்றும் இல்லை. எனக்கென்ன.

ஆகஸ்ட் 16, திங்கள்

நாளை ஆவணி பிறக்கிறது. நாளை சாயங்காலமே சிங்காநல்லூர் போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டி வாசலருகே வைத்தேன். செவ்வாய்க்கிழமை பெண்ணை அனுப்புவார்களா என்று அம்மா கேட்டாள். புதன்கிழமைதானாம். வெள்ளி ஆகாது, செவ்வாய் ஆகாது, ஆடி ஆகாது. மிச்சம் எந்த நாளில்தான் குடும்பம் நடத்துவதோ தெரியவில்லை.

ஒன்றும் அவசரமில்லை. பெட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான். குனிந்து நிமிர இடுப்பு வலிக்கிறது.

ஆகஸ்ட் 17, செவ்வாய். ஆவணி 1

போச்சு. எல்லாம் போச்சு.

காலை பதினோரு மணிக்கெல்லாம் இன்டர்காம் விடாமல் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஒருவர் இல்லை, மாடியே அடிக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நடிப்பு இல்லை. ஸ்கிரீன் அப்படியே கல்லாக நிற்கிறது. கொத்துக் கட்டுவதற்கு முன்னால் இருந்ததைவிட மோசம். டிசைன் பிரிவு மொத்தமும் கேன்டீனில் உட்கார்ந்திருந்தது. டிஸ்க் கெட்டுப்போயிற்றா என்று பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. துரைசாமி சார் சென்னை பிராஞ்சின் போன் நம்பரை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

படிக்கட்டில் சம்பத்தைப் பிடித்தேன். முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். கேட்டது தப்பு.

"சொன்னனே வாணி. போன புதன்கிழமை மூணு தடவ கூப்பிட்டேன்."

"நீங்க ஒரு மாசமாக் கூப்பிட்டுட்டுத்தான இருக்கறீங்க?"

"அதெல்லாம் சும்மா கூப்பிட்டது. அன்னிக்குக் கூப்பிட்டது நெசம்."

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் மேல்படியில் நின்றுகொண்டு விட்டத்தைப் பார்த்தார். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டில் எதை விடுவது என்று தெரியாமல் கீழே வந்துவிட்டேன். அந்தப் புதன்கிழமை மாடிக்குப் போயிருந்தால் கையில் ஒரு வாரம் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கடை திறப்பதற்கு முன்னாலேயே ஆள் நிற்கிறதாம். "மாசம் பூரா ரிப்பேரு ரிப்பேருன்னு கெடந்தவன் எல்லாம் இன்னிக்குப் புது மோட்டாரு கேக்கறான் கண்ணு. கம்பெனில இருக்கற அத்தன மாடலையும் வரிசையா வெச்சுக் காட்டுங்கறான்" என்றார்.

ரசச் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

நான் கணக்கெடுத்தது ஆடி மாதம். ஆடியில் எங்கள் கம்பெனிக்கும் ரிப்பேர் வேலைதான். ஒரு பழைய பம்பு உடைந்து வரும். டிசைன்காரர் அந்த ஒரு பம்பைத் திறந்து, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து உதிரி அனுப்புவார். அதைப் பார்த்துவிட்டு நான் பம்புக்கு ஒரு கொத்து கட்டினேன். புதுப் பம்பு வரைகிறவர் அப்படிச் செய்வாரா? இருக்கிற இம்பெல்லர்களையெல்லாம் வரிசையாகத் திறந்து, எது பொருந்தும் என்று பார்ப்பார். அப்புறம் தண்டுகளையெல்லாம். நான் ஒவ்வொரு இம்பெல்லரையும் ஒவ்வொரு கொத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். டிஸ்க் பாவம் ஊர் ஊராக ஓடுகிறது.

கம்ப்யூட்டருக்கு ஆடி ஏது என்று கேட்டேன். கம்ப்யூட்டருக்கு இல்லை. அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் இருக்கிறது. புதுசாக எதையும் தொடங்காத மாதத்தில் உட்கார்ந்து, புதுசாகத் தொடங்குகிறவர்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று கணக்கெடுத்த ஒரே புத்திசாலி நான்தான். ஆடி என்றுதானே என் பெட்டியையே தூக்கிக்கொண்டு இங்கே வந்தேன். அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

ஆகஸ்ட் 18, புதன்

காலையில் துரைசாமி சாரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ஆவணில ஆரம்பிக்கலாம்னு நான் நல்ல நாளுக்காகச் சொன்னேம்மா. கணக்குக்காகச் சொல்லலை" என்றார். அது திட்டியதைவிட அதிகமாக வலித்தது.

கணக்கெடுக்கிற நிரலைத் திரும்ப ஓடவிட்டேன். ஆனால் கணக்கு வேண்டுமென்றால் டிசைன்காரர்கள் இந்த ஆமையிலேயே வேலை செய்தாக வேண்டும். யார் செய்வார்கள்? பாதிப் பேர் காகிதத்தில் வரைய ஆரம்பித்துவிட்டார்கள். மாடிக்குப் போய்க் கெஞ்சலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேரி வந்து சொன்னாள், சம்பத் சார் ஒவ்வொரு மேசையாகப் போய், நாளை மதியம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரிலேயே செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம். டீச் செலவு முழுவதும் அவருடையதாம்.

சாயங்காலம் அம்மா என்னைச் சிங்காநல்லூரில் கொண்டுவந்து விட்டாள். ஒரு மாதமாக இந்த நாளுக்காக... ஒரு மாதமாக இங்கே துணியெல்லாம் மடிக்காமல் கிடக்கிறது. நேற்றுப் படிக்கட்டில் பேசியதற்கு அப்புறம் நேருக்கு நேர் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் என் தட்டில் இன்னொரு தோசை வைத்தார்.

ஆகஸ்ட் 19, வியாழன்

கணக்கு நான் நினைத்தபடியே வந்தது. ஆவணிக்கு இனம் இனமாகத்தான் கட்ட வேண்டும். மதியம் டிசைன் பிரிவு முழுவதையும் வெளியேற்றிவிட்டு ஆரம்பித்தோம். பழைய ஆடி அடுக்கை அழிக்க மனம் வரவில்லை. அடுத்த ஆடிக்கு அதுதானே சரி. அதை ஒரு பக்கம் பத்திரமாக வைத்து, மாதம் மாறினால் அடுக்கை மாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு நிரல் எழுதினேன். அவசரத்தில் அதற்கு ஆடி என்றே ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்தது. ஓட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது. மேரிதான் ஓட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திற, வந்துவிட்டது என்றாள்.

நாளைக்கு எம்.டி. முன்னால் வர வேண்டும். பொங்கல் வரை சென்னை என்றால் என்னால் முடியாது. எழுதிவிட்டேன். முடியாது.

ஆகஸ்ட் 20, வெள்ளி

எம்.டி. வந்தார். சம்பத்தின் மேசையிலேயே உட்கார்ந்தார். சம்பத் தன் புது மாடலைத் திறந்து, இருக்கிற இம்பெல்லர்களையெல்லாம் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் ஸ்கிரீன் நிறைந்தது. தண்டு, நிறைந்தது. எம்.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

பழைய பம்பு ஒன்றைத் திறக்கச் சொன்னார். அது கொஞ்சம் இழுத்தது. ஏன் என்று கேட்டார். ஓர் அடுக்கு இரண்டு வேலைக்கும் சரிவராது, ரிப்பேர் மாதத்துக்கு வேறு அடுக்கு இருக்கிறது, அதற்கு இந்த நிரல் என்று விளக்கினேன். அவர் கண் ஸ்கிரீனில் இருந்த பெயரில் விழுந்தது. ஏ ஏ டி ஐ, அதற்கு விரிவாக்கம் என்ன என்று கேட்டார். ஆடி மாதம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? துரைசாமி சார் இமைகூட அசைக்காமல், "அடாப்டிவ் ஆக்சஸ் டிஸ்க் இன்டெக்சிங் சார்" என்றார். அந்த மனிதருக்குள் இவ்வளவு இருக்கும் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

எம்.டி. தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார். டேட்டாபேஸ் இருக்கட்டும் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த மூச்சிலேயே, சென்னை பிராஞ்சுக்கும் இதை வைக்க வேண்டும், இந்த அம்மிணியே போய் ஒரு மாதம் இருந்து வைத்துக் கொடுத்துவிட்டு வரட்டும் என்றார். துரைசாமி சார் சரிங் சார் என்றார்.

தோற்றாலும் சென்னை, ஜெயித்தாலும் சென்னை. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான் போகலைங் சார்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கல்யாணமாகி மூணு மாசங் சார். அதுல ஒரு மாசத்த எங்கம்மா எடுத்துக்கிட்டாங்க. இன்னொரு மாசத்த உங்களுக்குத் தர முடியாதுங் சார். இவர விட்டுட்டு என்னால இருக்க முடியலைங்."

சம்பத் மௌஸை முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. எம்.டி. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, இத டேப்புல ஏத்தி அனுப்புனா அங்க எறக்கிக்க முடியுமா?"

"முடியுங் சார்."

"அப்ப டேப்பு போகட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மேரி என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. மிச்ச நாள் முழுக்க மேசையை விட்டு எழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் சமையலறையில் காபி கலக்கும்போது அவர் வந்து கதவோரம் நின்றார்.

"எம்.டி.கிட்டச் சொன்ன. துரைசாமி சார்கிட்டச் சொன்ன. எங்க டிசைன் செக்சனுக்கே சொன்ன. எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே வாணி?"

உண்மைதான். ஒரு மாதமாக இந்த டைரியிடம்கூடச் சொன்னதில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். முன்னறையில் அத்தை டிவி பார்த்துக்கொண்டிருந்ததால் மெதுவாகத்தான் சொன்னேன். காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொல்லு என்றார். விழுந்திருக்கும். இருந்தாலும் சொன்னேன்.